கையிலிருந்து கொடுத்தவர்

கால்கரியிலிருந்து போய்ப் பிரதமரானவர் யார் என்று கேட்டால் நம்மவர்கள் உடனே ஸ்டீபன் ஹார்ப்பர் பெயரைச் சொல்வார்கள். அவருக்கு எழுபத்தைந்து வருடங்களுக்கு முன்பே இந்த ஊர்க்காரர் ஒருவர் ஒட்டாவாவில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ரிச்சர்ட் பெட்ஃபோர்ட் பென்னெட். சுருக்கமாக ஆர்.பி. வக்கீல், முதலாளி, அரசியல்வாதி, மூன்றும் அவரே. தன் காலத்தில் மக்கள் வாயில் அதிகம் திட்டு வாங்கிய பிரதமர். அதே ஐந்து வருடங்களில், முகம் தெரியாத ஏழைகளுக்குத் தன் சொந்தப் பணத்தை எடுத்துத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தவரும் அவர்தான். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் எப்படிச் சேர்ந்தன என்பது எனக்கு வெகுநாளாக ஒரு யோசனை. ஓய்வு பெற்ற பிறகு நூலகத்தில் உட்கார்ந்து கொஞ்சம் படித்தேன். படித்ததையும் தோன்றியதையும் எழுதி வைக்கிறேன்.

அவர் பெயரை நான் முதலில் கேட்டது எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம். சஸ்காட்சுவான் கோதுமை விவசாயி ஒருவரின் மகன் அவர். ஒரு ஜனவரி மாதக் காலை, மைனஸ் முப்பது குளிரில் அவருடைய கார் கிளம்ப மறுத்தது. நான் உதவப் போனேன். அவர் சிரித்துக்கொண்டே, "இனி பென்னெட் பக்கிதான், இரண்டு குதிரை கிடைக்குமா?" என்றார். எனக்குப் புரியவில்லை. உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்து விளக்கினார். முப்பதுகளில் பெட்ரோலுக்குக் காசில்லாத விவசாயிகள் தங்கள் காரின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, முன்னால் குதிரைகளைப் பூட்டி ஓட்டினார்களாம். அந்த வண்டிக்குப் பிரதமர் பெயரையே வைத்துவிட்டார்கள். போர்த்திக்கொள்ளக் கம்பளி இல்லாமல் செய்தித்தாளைப் போர்த்திக்கொண்டால் அது பென்னெட் போர்வை. கோதுமையை வறுத்துக் காய்ச்சிக் குடித்தால் அது பென்னெட் காபி. ஒரு தலைமுறையே தன் வறுமைக்கு ஒரு மனிதரின் பெயரை வைத்துக் கூப்பிட்டிருக்கிறது.

அந்த மனிதர் ஏழ்மை தெரியாமல் வளர்ந்தவர் இல்லை. 1870-ல் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் ஹோப்வெல் ஹில் என்ற சிற்றூரில் பிறந்தார். குடும்பத் தொழில் மரக்கப்பல் கட்டுவது. இரும்புக் கப்பல்களும் நீராவியும் வந்த பிறகு அந்தத் தொழில் படுத்துவிட்டது. வாழ்ந்து கெட்ட குடும்பம் என்போமே, அதுதான். தாயார் தீவிர மெதடிஸ்ட் கிறிஸ்தவர். முடிந்தவரை சம்பாதி, முடிந்தவரை சேமி, முடிந்தவரை கொடு என்பது அந்தச் சபையை நிறுவிய ஜான் வெஸ்லியின் போதனை. ஆர்.பி.யின் வாழ்க்கையை ஒரே வரியில் சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். புகை தொட்டதில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. இனிப்பு மட்டும் விட முடியாது. சாக்லேட் என்றால் உயிர்.

பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஹாலிஃபாக்ஸ் நகரின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து 1893-ல் பட்டம் வாங்கினார். அந்தச் சமயத்தில் கால்கரியில் ஜேம்ஸ் லோகீட் என்ற வக்கீல் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தார். தச்சரின் மகனாகப் பிறந்து, ரயில் பாதை வந்த கையோடு 1883-ல் கால்கரிக்கு வந்து, மனைகளை வாங்கிப் போட்டுப் பணக்காரரானவர். முப்பத்தைந்து வயதிலேயே செனட்டர். பதின்மூன்றாம் அவென்யூவில் இன்றும் நிற்கிற லோகீட் மாளிகை அவருடையதுதான். செனட் வேலைக்காக அடிக்கடி ஒட்டாவா போக வேண்டியிருந்ததால் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு கெட்டிக்கார இளைஞர் தேவைப்பட்டார். டல்ஹௌசியின் சட்டத்துறைத் தலைவரிடம் ஆள் கேட்டார். அவர் கைகாட்டியது பென்னெட்டை.

1897 ஜனவரியில், இருபத்தாறு வயதில், பென்னெட் கால்கரியில் வந்து இறங்கினார். அப்போது ஊரின் ஜனத்தொகை சுமார் நாலாயிரம். மாடு மேய்ப்பவர்களும் குதிரைக்காரர்களும் நிறைந்த ஊரில், நல்ல உடுப்பு உடுத்து, குடிக்காமல், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற ஒரு வக்கீல். ஊர் அவரை ஒரு தினுசாகப் பார்த்திருக்கும். ஆனால் வழக்குமன்றத்தில் வாயைத் திறந்தால் நிறுத்த முடியாது. வார்த்தைகள் அத்தனை வேகமாகக் கொட்டியதால் அவருக்கு "பான்ஃபயர் பென்னெட்" என்று பட்டப்பெயர். கனடியன் பசிபிக் ரயில்வேயின் வழக்குகள் அவர் கைக்கு வந்தன. 1911-க்குள் ஊர் நாற்பதாயிரத்தைத் தாண்டி வளர்ந்தது. ஊரோடு அவரும் வளர்ந்தார்.

அவருடைய இளவயது நண்பர் மேக்ஸ் எயிட்கன், பிற்காலத்தில் லண்டனில் பத்திரிகை அதிபராகி பீவர்புரூக் பிரபு என்று பெயர் பெற்றவர். இருவரும் சேர்ந்து மேற்கில் கம்பெனிகளை உருவாக்கினார்கள். நம் வீடுகளில் விளக்கு எரிய ஆரம்பத்தில் மின்சாரம் கொடுத்த கால்கரி பவர் அவற்றில் ஒன்று. இன்றைய டிரான்ஸ்ஆல்டாவின் பழைய பெயர் அது. தானியக் கிடங்குகள் வைத்திருந்த ஆல்பர்டா பசிபிக் கிரெய்ன் இன்னொன்று. டர்னர் பள்ளத்தாக்கில் 1914-ல் எண்ணெய் கண்ட கம்பெனியிலும் லோகீடுக்கும் பென்னெட்டுக்கும் பங்கு உண்டு. ஆக, இந்த ஊரின் மின்சாரம், தானியம், எண்ணெய் மூன்றிலும் அவர் கை இருந்தது.

இதற்கெல்லாம் மேலே ஒரு சொத்து வந்தது. ஜென்னி ஷிரெஃப் என்ற நர்ஸ் அவருக்கு ஊர்ப் பழக்கம். அந்த அம்மாள் ஹல் நகரின் தீப்பெட்டி, காகித அதிபர் எடியை மணந்து, விதவையாகி, 1921-ல் இறந்தபோது கம்பெனிப் பங்குகளில் ஒரு பகுதியைப் பென்னெட்டுக்கு எழுதி வைத்தார். ஐந்து வருடத்தில் அவருடைய தம்பியும் இறந்து, அந்தப் பங்கும் இவருக்கே வந்தது. நாடு முழுவதும் அடுப்புப் பற்றவைத்த எடி தீப்பெட்டியில் இவருக்குப் பெரும் உரிமை.

லோகீடுடன் மட்டும் கடைசியில் கசப்பாகிவிட்டது. 1922-ல் பென்னெட் ஒரு வழக்குக்காக லண்டன் பிரிவி கவுன்சிலில் இருந்தபோது இங்கே கூட்டு உடைந்தது. இருபத்தைந்து வருடக் கூட்டாளிகள் நீதிமன்றம் வரை போனார்கள். பென்னெட் தனியாகத் தொடங்கிய அலுவலகத்தின் வழியில் வந்ததுதான் இன்று நகர மையத்தில் இருக்கும் பென்னெட் ஜோன்ஸ் நிறுவனம்.

அரசியலில் ஏற்றமும் இறக்கமுமாகத்தான் வந்தார். 1898-ல் வடமேற்குப் பிரதேசச் சட்டசபை, 1909-ல் ஆல்பர்டா சட்டசபை, 1911-ல் ஒட்டாவா நாடாளுமன்றம். நடுவே தோல்விகளும் உண்டு. 1927-ல் கன்சர்வேடிவ் கட்சித் தலைவர். 1930 ஆகஸ்டில் பிரதமர். நேரம்தான் சரியில்லை. நியூயார்க் பங்குச்சந்தை சரிந்து பத்து மாதம்கூட ஆகவில்லை.

அடுத்த மூன்று வருடங்களை நம் வயதுக்காரர்கள் கற்பனை செய்வதும் கடினம். 1929-ல் ஒன்றரை டாலருக்கு மேல் விற்ற ஒரு புஷல் கோதுமை 1932 டிசம்பரில் 38 சென்ட். வண்டிக்கூலிக்கே கட்டுபடியாகாது. மேலே வறட்சி, புழுதிப் புயல், வெட்டுக்கிளி. நாட்டில் நாலு பேரில் ஒருவருக்கு மேல் வேலை இல்லை. பென்னெட் அடைத்துக்கொண்ட வழி, இறக்குமதி வரியை உயர்த்தியது. 1932-ல் ஒட்டாவாவில் பிரிட்டிஷ் சாம்ராஜ்ய நாடுகளின் வர்த்தக மாநாட்டையும் கூட்டினார். அந்த மாநாட்டுக்கு இந்தியா அனுப்பிய பிரதிநிதிகளில் ஒருவர் கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான அதே செட்டியார்தான். கால்கரி வக்கீல் தலைமை தாங்கிய மேஜையில் கொங்கு நாட்டுக்காரர் ஒருவர் உட்கார்ந்து பேரம் பேசினார் என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

மாநாடு முடிந்தது. கோதுமை விலை எழவில்லை.

இப்போது கடிதங்களுக்கு வருகிறேன். வேறு போக்கிடம் இல்லாத ஜனங்கள் நேராகப் பிரதமருக்கே எழுத ஆரம்பித்தார்கள். பென்சிலில், நோட்டுக் காகிதத்தில், எழுத்துப்பிழைகளோடு. விவசாயிகள் எழுதினார்கள், வேலை போன கிளார்க்குகள் எழுதினார்கள், குழந்தைகளும் எழுதினார்கள். இந்தக் கடிதங்களில் ஒரு பகுதி 1971-ல் ஒரு புத்தகமாகவே வந்திருக்கிறது. படித்துவிட்டு அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

1933-ல் சஸ்காட்சுவான் விவசாயியின் மனைவி ஒருவர் எழுதிய கடிதம் அதில் ரொம்பப் பிரபலம். புருஷனுக்கு அறுபத்துநாலு வயது ஆகப் போகிறது. நரம்பு வலி. குளிருக்குப் போட்டுக்கொள்ள நல்ல கனமான உள்ளாடை இல்லை. இதுவரை யாரிடமும் கை நீட்டியதில்லை, வீட்டில் டெலிபோனோ ரேடியோவோ பத்திரிகையோ கிடையாது, உலகத்தை விட்டே ஒதுங்கிக் கிடக்கிறோம் என்கிறார் அந்த அம்மாள். நாட்டின் பிரதமரிடம் கேட்டது ஒரு ஜோடி உள்ளாடை! பென்னெட் அதைப் படித்துவிட்டு ஈட்டன்ஸ் கடையிலிருந்து அவர் செலவில் அனுப்ப ஏற்பாடு செய்தார். இது போல எத்தனையோ. பல பதில் உறைகளில் இரண்டு டாலர், ஐந்து டாலர் நோட்டு இருந்தது. அரசாங்கப் பணம் அல்ல, அவர் பணம். ஊரெல்லாம் தன் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டிருக்கும்போது அவர் இதை விளம்பரம் செய்துகொள்ளவில்லை.

நல்ல மனசு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் புத்தகத்தை மூடிய பிறகு வேறொரு கேள்வி வந்தது. அந்த அம்மாளின் அடுத்த பண்ணை வீட்டிலும் ஒரு கிழவர் குளிரில் நடுங்கியிருப்பாரே? அவர் மனைவிக்கு எழுதத் தெரியாமல் இருந்திருக்கலாம். தபால்தலைக்கு மூன்று காசு இல்லாமல் இருந்திருக்கலாம். கூச்சமாகவும் இருந்திருக்கலாம். அவருக்கு உள்ளாடை எங்கிருந்து வரும்?

இந்த இடத்தில் என் கதை கொஞ்சம். 1986-ல் எண்ணெய் விலை பாதிக்கும் கீழே விழுந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த கம்பெனி ஒரு வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் மாடியில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியது. நானும் அதில் ஒருவன். வீட்டுக் கடன் இருந்தது, இரண்டு பிள்ளைகள் பள்ளியில். திங்கட்கிழமை வேலையின்மைக் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்று படிவம் நிரப்பினேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு அட்டையைப் பூர்த்தி செய்து அனுப்பினால் காசோலை தபாலில் வந்துவிடும். ஏழு மாதம் அப்படி ஓடியது. என் மனைவிக்குக் குளிர்கோட்டு கிழிந்திருக்கிறது என்று நான் யாருக்கும் எழுத வேண்டியிருக்கவில்லை. யாருடைய நல்ல மனசையும் நம்பி உட்காரவில்லை. சம்பளத்தில் பிடித்த பணம், எனக்குச் சேர வேண்டியது, வந்தது. தலை குனியாமல் கடைக்குப் போய் அரிசி வாங்கினேன்.

அந்தக் காசோலையின் பூர்வீகத்தைத் தேடினால், அங்கேயும் பென்னெட் நிற்கிறார். அதுதான் வேடிக்கை.

முதல் நாலு வருடம் அவர் பிடிவாதமாக இருந்தார். நிவாரணம் மாகாணங்களின், நகரசபைகளின் பொறுப்பு, மத்திய அரசு அவர்களுக்குப் பணம் கொடுத்து உதவும், அவ்வளவுதான் என்று நின்றார். வேலை இல்லாத கல்யாணமாகாத இளைஞர்களுக்கு ராணுவ இலாகாவின் கீழ் முகாம்கள் வைத்தார்கள். காட்டில் சாலை போடுவது, புதர் வெட்டுவது போன்ற வேலை. சாப்பாடு, படுக்கை, நாளுக்கு 20 சென்ட். 1935 ஏப்ரலில் பிரிட்டிஷ் கொலம்பியா முகாம் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்து வான்கூவரில் கூடினார்கள். ஜூனில் சரக்கு ரயில்களின் கூரையில் ஏறி ஒட்டாவாவை நோக்கிக் கிளம்பினார்கள். வழியில் நம் கால்கரியிலும் தங்கினார்கள். ஊர் மக்கள் உணவு கொடுத்தார்கள். ரெஜைனா போய்ச் சேர்ந்தபோது சுமார் இரண்டாயிரம் பேர். அங்கே நிறுத்தப்பட்டு, தலைவர்கள் மட்டும் ஒட்டாவா போய்ப் பிரதமரைச் சந்தித்தார்கள். சந்திப்பு கூச்சலில் முடிந்தது. ஜூலை 1, நாட்டின் பிறந்தநாள் அன்று, ரெஜைனா சந்தையில் கூடியிருந்த கூட்டத்துக்குள் போலீஸ் புகுந்தது. கலவரத்தில் ஒரு போலீஸ்காரர் இறந்தார். அடிபட்ட ஊர்வலக்காரர் ஒருவர் பிறகு இறந்தார். தனியாகக் கடிதம் எழுதினால் ஐந்து டாலர் அனுப்பிய அதே மனிதர், இரண்டாயிரம் பேர் ஒன்றாகச் சேர்ந்து வந்து கேட்டபோது போலீஸை அனுப்பினார். கேட்டவர்களின் தேவை ஒன்றுதான். கேட்ட தோரணைதான் அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்த வருடத் தொடக்கத்திலேயே அவர் மனசுக்குள் ஏதோ மாறியிருந்தது. 1935 ஜனவரியில் ரேடியோவில் ஐந்து முறை பேசினார். பழைய முறை போய்விட்டது, அரசாங்கம் தலையிட்டே ஆக வேண்டும் என்றார். வேலையின்மைக் காப்பீடு, குறைந்தபட்சக் கூலி, வேலை நேர வரம்பு எல்லாவற்றுக்கும் சட்டம் கொண்டுவந்தார். பணக்கார நண்பர்கள் திகைத்தார்கள். ஏழைகள் நம்பவில்லை. தேர்தலுக்காகப் போடும் வேஷம் என்றார்கள். இருக்கலாம். ஆனால் நாலு வருடம் அந்தக் கடிதங்களைப் படித்த ஒரு மனிதருக்கு, இரண்டு டாலர் நோட்டுகளால் இது தீராது என்று ஒரு நாள் உறைத்திருக்கவும் கூடும். நான் இரண்டாவதை நம்ப விரும்புகிறேன்.

அக்டோபர் தேர்தலில் கட்சி நாற்பது இடத்துக்குச் சுருங்கியது. கால்கரி மட்டும் அவரைக் கைவிடவில்லை, அவர் தொகுதியில் ஜெயித்தார். அவருடைய சட்டங்கள் நீதிமன்றம் போயின. இது மாகாணங்களின் அதிகாரம் என்று சொல்லி, காப்பீட்டுச் சட்டத்தை 1937-ல் லண்டன் பிரிவி கவுன்சில் தள்ளிவிட்டது. அவர் வக்கீலாக நின்று வாதாடிய அதே சபை. 1940-ல் அரசியல் சட்டத்தையே திருத்தி, அவருடைய எதிராளி மெக்கன்ஸி கிங் அந்தக் காப்பீட்டைக் கொண்டுவந்தார். நாற்பத்தாறு வருடம் கழித்து எனக்குக் காசோலை வந்தது அந்த வழியில்தான்.

முதியோர் பென்ஷனிலும் அவருக்கு ஒரு பங்குண்டு. 1927 சட்டப்படி எழுபது வயதுக்கு மேல், மாதம் 20 டாலர் வரை, அதுவும் வறுமையை நிரூபித்தால்தான். அதில் மத்திய அரசின் பங்கைப் பாதியிலிருந்து முக்காலாக உயர்த்தியது 1931-ல் பென்னெட் அரசு. வறுமையை நிரூபிக்க வேண்டாம் என்று ஆனது 1952-ல். இன்று பத்து வருடம் இங்கே வாழ்ந்தவர்களுக்கு அறுபத்தைந்து வயதில் மாதக் கடைசியில் வங்கியில் வந்து விழுகிறதே, அதற்குப் பின்னால் இத்தனை இருக்கிறது. கனடா பேங்க், கோதுமை வாரியம், சிபிசி ரேடியோவுக்கு முன்னோடியான ஆணையம், இவையும் அவர் காலத்தவை. இதற்கெல்லாம் அவர் பெயரை யாரும் வைக்கவில்லை. குதிரை வண்டிக்கு வைத்தார்கள்.

1939 தொடக்கத்தில் அவர் கனடாவை விட்டே போய்விட்டார். இங்கிலாந்தில், சரே மாவட்டத்தில், பழைய நண்பர் பீவர்புரூக்கின் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பண்ணைவீடு வாங்கினார். கூடவே இருந்த பிரியமான தங்கை மில்ட்ரெட் அதற்கு முந்தைய வருடம் இறந்துவிட்டிருந்தார். 1941-ல் பிரபு பட்டம் கிடைத்தது. பட்டத்தில் மிக்கிள்ஹம் என்ற அந்தப் புது ஊரோடு கால்கரியையும் பிறந்த ஊரான ஹோப்வெல்லையும் சேர்த்துக்கொண்டார். ஊரை விட்டு வந்த நமக்கு அந்த மனசு புரியும். 1947 ஜூன் 26 இரவு குளியல் தொட்டியில் உயிர் பிரிந்தது. வீட்டில் குடும்பத்தார் யாரும் இல்லை. மிக்கிள்ஹம் தேவாலயத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். கனடா மண்ணுக்கு வெளியே புதைக்கப்பட்ட ஒரே கனடியப் பிரதமர் அவர்தான்.

கையிலிருந்து கொடுப்பவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. நம் வீடுகளிலும் வாசலுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாத தாத்தாக்கள் இருந்தார்கள். ஆனால் கொடுப்பவரின் மனசைப் பொறுத்துத்தான் வாங்குபவரின் அடுத்த வேளை என்றால் அது நெடுநாள் தாங்காது. பென்னெட்டுக்கு இது தாமதமாகத் தெரிந்தது என்பது என் அபிப்பிராயம். தெரிந்த பிறகு சட்டமாக எழுத முயன்றாரே, அதற்காக அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

உங்கள் தெருவில் தொண்ணூறைத் தாண்டிய உள்ளூர்ப் பெரியவர்கள் யாராவது இருந்தால் பென்னெட் பக்கி பற்றிக் கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் சில பேர்தான் மிச்சம். கேட்டதை எனக்கும் எழுதுங்கள்.